அடைமழைக் காலத்தில் டியர்டிராப் டிரெய்லரில் பயணம் செய்யலாமா?

காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும், கண்ணீர்த்துளி வடிவிலான, உள்ளே இருவர் படுக்கும் இடமும் பின்கதவைத் திறந்தால் சமையல் அலமாரியும் உள்ள சிறிய டியர்டிராப் டிரெய்லர் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். ஒரு வாரம் முழுவதும் மழை பெய்யக்கூடிய பகுதிக்கு அதை இழுத்துச் செல்லலாமா, நனையாமல் தூங்க முடியுமா, ஒழுகினால் என்ன செய்வது, ஈரச் சாலையில் இழுப்பது ஆபத்தா என்று கேட்டிருக்கிறீர்கள். மழை தொடங்கியதும் கதவு, ஜன்னல், கூரைத் துளை எல்லாவற்றையும் இறுக மூடிவிட்டால் போதாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செல்லலாம். ஆனால் மூடிவிட்டால் போதும் என்ற எண்ணத்தை மட்டும் புறப்படுவதற்கு முன்பே விட்டுவிட வேண்டும். மழை நாளில் இவ்வகை வண்டியில் படுப்பவர்களை நனைப்பது பெரும்பாலும் வெளியே பெய்யும் நீரல்ல, உள்ளே அவர்களே விடும் மூச்சு என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வண்டியின் உட்புறம் ஏறத்தாழ 2.4 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் 1.2 மீட்டர் உயரமும் இருக்கும் என்று கொள்வோம். வளைவுகளைக் கழித்தால் உள்ளே இருக்கும் காற்று 4 கன மீட்டருக்கும் சற்றுக் குறைவு. 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் நீராவியைத்தான் தாங்கும். ஆக, அந்த அறை முழுவதற்கும் சேர்த்து 70 கிராமுக்குள்தான் இடமிருக்கிறது. தூங்கும் ஒருவர் மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் மணிக்குச் சுமார் 40 கிராம் நீரை வெளியேற்றுகிறார் என்றால் இருவருக்கு 80 கிராம் ஆகிறது. எல்லாவற்றையும் மூடிக்கொண்டு படுத்தால் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே காற்று நிறைந்துவிடும். அதன் பிறகு விடியும் வரை வெளிவரும் அரை லிட்டருக்கும் அதிகமான நீர், உள்ளே எந்தப் பரப்பு குளிர்ந்திருக்கிறதோ அதில் போய்ப் படியும். வீட்டுப் படுக்கையறை இதைப் போலப் பத்து மடங்கு பெரியது, சந்து பொந்துகளும் அதற்கு உண்டு என்பதால் அங்கே இது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

எங்கே படியும் என்பதையும் சொல்லிவிடலாம். முதலில் ஜன்னல் கண்ணாடியின் கீழ் விளிம்பும் அலுமினியச் சட்டமும் வேர்க்கும். அடுத்து, கூரையின் உட்பலகையை வெளித்தகட்டோடு இணைக்கும் திருகாணிகளின் தலைகளில் ஒவ்வொரு துளியாக வரிசையாக நிற்கும். உலோகம் வெளிக்குளிரை உள்ளே கடத்திவிடுவதால், பலகை காய்ந்திருக்கும்போதே திருகாணி மட்டும் நனைந்திருக்கும். விடியற்காலையில் அந்தத் துளிகளில் ஒன்று நெற்றியில் விழும்போது கூரை ஒழுகுகிறது என்றுதான் எவரும் நினைப்பார்கள். உடனே பசைக் குழாயை எடுத்துக்கொண்டு கூரைமேல் பூசத் தொடங்குவதும், அது பயன் தராமல் வண்டியையே குறை சொல்வதும் பலரிடம் காணப்படுகிறது. ஒழுகலையும் வேர்ப்பையும் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு: மழை பெய்யும் ஓர் இரவில் வண்டியைக் காலியாக விட்டு, காலையில் திறந்து பாருங்கள். யாரும் படுக்காதபோதும் ஈரம் இருந்தால் அது ஒழுகல். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் தோன்றி, காய்ந்த பிறகு பழுப்பு நிறத் தடத்தை விட்டுச் சென்றாலும் அது ஒழுகலே. பரவலாக, முத்து முத்தாக, ஆட்கள் படுத்த இரவுகளில் மட்டும் தோன்றினால் அது மூச்சின் ஈரம்.

வெளியிலும் காற்று ஈரத்தால் நிறைந்திருக்கும்போது அதை உள்ளே விட்டால் ஈரம் கூடத்தானே செய்யும் என்று நீங்கள் கேட்கலாம். குளிர்ந்த மழையில் அப்படி நடப்பதில்லை. 10 டிகிரியில் முழு ஈரப்பதத்தோடு இருக்கும் காற்றில்கூட ஒரு கன மீட்டருக்கு 9.4 கிராம் நீராவிதான் உள்ளது. அதே காற்று உள்ளே வந்து, உங்கள் உடல் வெப்பத்தாலோ சூடேற்றியாலோ 20 டிகிரிக்கு உயர்ந்தால் அதன் ஈரப்பதம் 55 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. மழைக்காற்றுதான் என்றாலும், உள்ளே வந்து சூடானதும் அது உலர்ந்த காற்றாகவே வேலை செய்கிறது; அறையின் ஈரத்தை ஏந்திக்கொண்டு மேலே வெளியேறுகிறது. வெப்பமான பகுதிகளில் பெய்யும் மழையில், இரவிலும் 25 டிகிரிக்குக் குறையாத காற்றில், இந்தக் கணக்கு செல்லாது. அங்கே சுவர்களும் அவ்வளவாகக் குளிர்வதில்லை என்பதால் துளிகள் குறைவாகவே நிற்கும். ஆனால் புழுக்கமும் பூசணமும் மிகும் என்பதால் காற்று ஓடிக்கொண்டே இருப்பது அங்கும் இன்றியமையாதது.

ஈரத்தைவிடப் பெரிய காரணமும் ஒன்று இருக்கிறது. தூங்கும் ஒருவர் மணிக்கு 12 லிட்டர் அளவுக்குக் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். ஏறத்தாழ 4,000 லிட்டர் காற்றுள்ள பெட்டியில் இருவர் படுத்தால் அதன் அளவு மணிக்கு 0.6 சதவீதம் உயரும். ரப்பர் பட்டைகள் நன்றாக இறுகியிருக்கும் புதிய வண்டியில், எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு படுத்தவர்கள் காலையில் தலைவலியோடும் களைப்போடும் எழுவதற்கு இதுவே காரணம். ஆகவே மழை எவ்வளவு கடுமையாக இருந்தாலும் காற்றுவழியை முழுவதுமாக அடைக்கக் கூடாது என்பதை நான் விதியாகவே சொல்கிறேன்.

காற்று உள்ளே வர ஒரு வழியும் வெளியேற ஒரு வழியும் வேண்டும். ஒன்றை மட்டும் திறந்து வைத்தால் பலன் பாதிகூடக் கிடைக்காது. கூரை விசிறி இருந்தால், அதன்மேல் மழைத்தொப்பி பொருத்தி, காற்றை வெளியே தள்ளும் திசையில் மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிடுங்கள். சாரல் அடிக்காத பக்கத்து ஜன்னலை இரண்டு விரற்கடை அளவு திறந்து வையுங்கள். அந்த வேகத்தில் 12 வோல்ட் விசிறி பொதுவாக ஓர் ஆம்பியருக்கும் குறைவாகவே எடுக்கும் என்பதால், இரவு முழுவதும் ஓடினாலும் 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் பத்தில் ஒரு பங்குகூடச் செலவாகாது. இரவில் காற்றின் திசை மாறினால் இந்த ஜன்னலை மூடி அந்த ஜன்னலைத் திறக்க வேண்டியிருக்கும். எனவே இரண்டு பக்க ஜன்னல்களின் மேலும் கார்க் கதவுகளில் ஒட்டுவது போன்ற மழைத்தடுப்புப் பட்டைகளை (வைசர்) பொருத்திவிடுவது செலவுக்கேற்ற பலன் தரும் வேலை. விசிறி இல்லாத வண்டியில் எதிரெதிர் ஜன்னல்களைச் சிறிதளவு திறந்து வைப்பதுதான் வழி. அது விசிறிக்கு ஈடாகாது என்றாலும் அடைத்து வைப்பதைவிடப் பல மடங்கு மேல்.

குளிருக்காக உள்ளே எரிவாயு அடுப்பையோ, புகைபோக்கி இல்லாத வாயு ஹீட்டரையோ ஏற்றக் கூடாது. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் அதிகமான நீராவி உண்டாகும். அந்த ஈரம்கூடப் பொறுத்துக்கொள்ளக்கூடிய தொல்லைதான். காற்றோட்டம் குறைந்த சிறிய அறையில் உண்டாகும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாமல் தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். எரிப்புக்கான காற்றை வெளியிலிருந்து எடுத்து, புகையையும் வெளியே விட்டு, சூடான காற்றை மட்டும் உள்ளே தரும் டீசல் ஹீட்டர்கள் கிடைக்கின்றன. மின்இணைப்பு உள்ள இடங்களில் சிறிய மின்ஹீட்டர் போதும். எதைப் பயன்படுத்தினாலும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்று உள்ளே இருந்தே ஆக வேண்டும். நனைந்த துணிகளை உள்ளே தொங்கவிட்டுக் காயவைப்பதும் வேண்டாம். அவை விடும் ஈரம் நேரே சுவருக்குத்தான் போகும். ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு டப்பாக்கள், பூட்டி நிறுத்தி வைக்கும் காலத்தில் உதவுமே தவிர, இருவர் மூச்சுக்கு முன் அவற்றின் திறன் மிகச் சிறியது.

எல்லோரும் மறந்துவிடும் இடம் மெத்தையின் அடிப்புறம். உடல் வெப்பத்தோடு கீழிறங்கும் நீராவி, குளிர்ந்த பிளைவுட் தரையைத் தொட்டதும் அங்கேயே நீராகிறது. மேலே தொட்டுப் பார்த்தால் மெத்தை காய்ந்திருக்கும். தூக்கிப் பார்த்தால் பலகையில் உடலின் வடிவத்திலேயே ஈரத்தடம் தெரியும். இரண்டு மூன்று நாள் தூக்காமல் விட்டால் கரும்புள்ளிகளாகப் பூசணம் பிடிக்கத் தொடங்கும். மெத்தைக்கு அடியில் மரச்சட்டங்களையோ காற்று புகும் வலைப்பின்னல் விரிப்பையோ இட்டு, ஒரு விரற்கடையாவது இடைவெளி உண்டாக்குங்கள். காலையில் எழுந்ததும் செய்ய வேண்டிய வேலை இரண்டுதான்: ஈரத்தை இழுக்கும் துணியால் ஜன்னலையும் சுவரையும் கூரையையும் துடைத்து அதை வெளியே பிழிவது, மெத்தையைப் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்து, காலை உணவு முடியும் வரை விசிறியை முழு வேகத்தில் ஓடவிடுவது. பத்து நிமிட வேலைதான் என்றாலும், ஒரு வார அடைமழையில் நான்காம் நாளிலும் படுக்கை படுக்கையாக இருக்கிறதா, நமத்துப்போன பஞ்சுமூட்டையாக இருக்கிறதா என்பதை இதுவே தீர்மானிக்கும்.

இனி மெய்யான ஒழுகலைப் பார்க்கலாம். 1930களில் அமெரிக்காவில் பரவத் தொடங்கிய இந்த வடிவம், வீட்டிலேயே பிளைவுட்டும் அலுமினியத் தகடும் கொண்டு செய்துகொள்ளும் வண்டியாகவே பெரிதும் வளர்ந்தது. நீர் தேங்காமல் வழிந்தோட அந்த வளைவு மிக ஏற்றது. தட்டையான கூரை கொண்ட வண்டிகளுக்கு இந்த வசதி கிடையாது. குறை முழுவதும் இணைப்புகளில்தான் இருக்கிறது. அவற்றில் முதன்மையானது, கூரையின் பின்பகுதியில் பின்கதவைத் தாங்கும் நீண்ட கீல். கூரையில் விழும் மழையில் கணிசமான பகுதி அந்தக் கீலைக் கடந்துதான் கீழே இறங்குகிறது. கீலின் இரு முனைகளிலும் நீர் பக்கவாட்டில் திரும்பி, கதவுக்கும் பக்கச்சுவருக்கும் இடையிலுள்ள ரப்பர் பட்டையின்மேல் விழுகிறது. பட்டையைத் தாண்டி உள்ளே வரும் சிறிதளவு நீரை வெளியேற்றச் சுவர் விளிம்போடு ஒரு சிறு வாய்க்காலும், அதன் அடியில் வடிதுளையும் பல வண்டிகளில் இருக்கும். அந்தத் துளையில் இலைச்சருகும் மண்ணும் அடைத்துக்கொண்டால் நீர் நிரம்பிச் சமையல் அலமாரிக்குள் இறங்கும். கதவு மோசம் என்று முடிவு கட்டுவதற்கு முன் அந்தத் துளையை ஒரு மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள்.

ரப்பர் பட்டைகள் சரியாக அழுந்துகின்றனவா என்பதைக் காகிதத்தால் சோதிக்கலாம். ஒரு தாள்துண்டை விளிம்பில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு இழுங்கள். தடையில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பட்டை தளர்ந்திருக்கிறது. கதவின் கீழ் மூலைகளிலும் பின்கதவின் அடிவிளிம்பிலும் அதிகக் கவனத்தோடு சோதிக்க வேண்டும். கூரை விசிறியின் சட்டம், பக்கவிளக்குகளின் பின்புறம், தகட்டின் விளிம்பை மூடும் பட்டையிலுள்ள திருகாணிகள் ஆகியவை அடுத்த இடங்கள். இங்கே ரப்பர் போன்று ஒட்டிக்கொள்ளும் பியூட்டைல் பட்டையைத்தான் பரிந்துரைக்கிறேன். சாதாரண சிலிக்கான் பசை தொடக்கத்தில் நன்றாகவே அடைக்கும். ஆனால் வண்டி அதிர அதிர விளிம்பில் பெயரும், பெயர்ந்த இடத்தில் அதன் எச்சத்தின்மேல் வேறு எந்தப் பசையும் ஒட்டாது.

ஈரம் தெரியும் இடம் வேறு, ஓட்டை இருக்கும் இடம் வேறு என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். கூரையில் புகுந்த நீர் பலகைக்கும் தகட்டுக்கும் இடையே ஊர்ந்து சென்று ஒரு முழத்துக்கு அப்பால்கூட வெளிப்படும். ஒழுகும் இடத்தைத் தேடுவதற்கு நம்பகமான வழி இதுதான்: ஜன்னல், கதவுகளை மூடிவிட்டு, கூரை விசிறியைக் காற்று உள்ளே வரும் திசையில் முழு வேகத்தில் ஓடவிடுங்கள், வெளியே எல்லா இணைப்புகளிலும் சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள். குமிழி கிளம்பும் இடமே ஓட்டை. விசிறி இல்லையென்றால் ஒருவர் உள்ளே இருக்க, மற்றவர் குழாய் நீரைக் கீழிருந்து மேலாக, ஒவ்வோர் இணைப்பிலும் சில நிமிடம் நிறுத்திப் பாய்ச்ச வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இணைப்பிலும் ஒரே நேரத்தில் நீர் இறங்கி எதுவும் புலப்படாது. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் வரை அழுகல் பூஞ்சை வளராது என்பது பொதுவான அளவுகோல். ஈரமானி ஒன்றை வாங்கி, தரையின் மூலைகளையும் கதவின் கீழ்ப்பகுதியையும் அவ்வப்போது அளந்து குறித்து வைத்தால், கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கசிவைக் கண்டுபிடித்துவிடலாம்.

நிறுத்தி வைத்தபோது ஒழுகாத வண்டி ஓடும்போது ஒழுகுவதும் உண்டு. இழுக்கும் காரின் சக்கரங்கள் வாரியடிக்கும் நீர் வண்டியின் முகத்திலும் அடிப்பலகையிலும் வேகத்தோடு மோதுகிறது. ஓடும் வண்டியின் பின்புறம் காற்றழுத்தம் குறைவதால் நீர்த்திவலை பின்கதவின் அடிவிளிம்பை நோக்கி இழுக்கப்பட்டு, இடைவெளி இருந்தால் உள்ளே புகுகிறது. ஆகவே மழையில் நீண்ட தூரம் ஓட்டிய முதல் நாள், வண்டியை நிறுத்தியவுடன் சமையல் அலமாரியின் தரையைக் கையால் தடவிப் பாருங்கள்.

முகாமிடும் இடத்தைத் தேர்வதில் காட்சியைவிட மண்ணையே முதலில் பார்க்க வேண்டும். ஆற்றோரமும் பள்ளமும் உலர்ந்த ஓடைப் படுகையும் மழைக்காலத்தில் தங்கும் இடங்கள் அல்ல. எங்கோ மேலே பெய்யும் மழை, நீங்கள் தூங்கும்போது அங்கே வந்து சேரும். சரளை பரப்பிய மேட்டு நிலம் நல்லது. புல்தரை பகலில் இறுகித் தெரிந்தாலும் ஓர் இரவு மழைக்குப் பின் டிரெய்லரோடு வெளியேற முயலும் காரின் சக்கரங்கள் அதில் வழுக்கிச் சுழலும். வெளியேறும் திசையை நோக்கியபடியே நிறுத்துங்கள். பட்ட கிளைகள் உள்ள மரங்களின் கீழ் நிறுத்த வேண்டாம். மழை நின்ற பிறகும் அவை நெடுநேரம் கூரையில் சொட்டிக்கொண்டே இருக்கும், காற்றில் கிளை முறிந்தால் விபத்தே நேரும். வண்டியின் வளைந்த முன்புறத்தைக் காற்று வரும் திசைக்குக் காட்டினால், பின்னாலுள்ள சமையலிடம் காற்று மறைவில் அமையும். இயன்றவரை அப்படியே நிறுத்துங்கள்.

திறந்த பின்கதவு சமைப்பவருக்குக் கூரையாகும் என்றாலும், சாரலுக்கு அது போதாது. அந்தக் கதவு கிடைமட்டத்துக்கு மேலே உயர்ந்து நின்றால் அதன்மேல் விழும் மழை முழுவதும் கீலை நோக்கி ஓடும். சற்றுத் தாழ்ந்து நின்றால் விளிம்பிலிருந்து சமைப்பவரின் பிடரியில் சொட்டும். ஆகவே கதவையும் தாண்டி நீளும்படி ஒரு தார்ப்பாய்ப் பந்தலை, ஒரு மூலையைத் தெளிவாகத் தாழ்த்திக் கட்டுங்கள். தாழ்த்தாத பந்தலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் 5 சென்டிமீட்டர் நீர் தேங்கினால் 50 கிலோ. கம்பு வளைவதும் துணி கிழிவதும் இதனால்தான். அடுப்பு எரியும்போது பந்தலின் பக்கங்களை அடைக்காமல் இருப்பது அவசியம். பக்கக் கதவுக்கு மேலும் ஒரு சிறிய பந்தல் இருந்தால் வாழ்க்கை மிகவும் எளிதாகும், ஏனென்றால் இந்த வண்டியில் கதவைத் திறந்தால் நேரே மெத்தைதான். முதலில் நிலைப்படியில் உட்கார்ந்து, கால்களை வெளியே வைத்தபடியே காலணியையும் மழைச்சட்டையையும் கழற்றிப் பந்தலடியில் உள்ள பெட்டியில் போட்டுவிட்டு, அதன் பிறகுதான் கால்களை உள்ளே இழுக்க வேண்டும். இருவரும் இதை ஒவ்வொரு முறையும் தவறாமல் செய்தால், ஈரம் நிலைப்படியோடு நின்றுவிடும்.

சாலையைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். டியர்டிராப் வண்டி தாழ்ந்தும் குறுகியும் இருப்பதால் பக்கக்காற்று அதை அதிகம் அலைக்கழிப்பதில்லை. பின்னே ஒன்று வருவதையே ஓட்டுநர் மறந்துவிடும் அளவுக்கு அது எளிதாகத் தொடரும். மழையில் அந்த மறதி ஆபத்தானது. டயர் நீரின்மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் அதன் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதை 1960களிலேயே நாசா ஆய்வுகள் காட்டின. அந்தக் கணக்கின்படி 36 பிஎஸ்ஐ அழுத்தமுள்ள டயர் தேங்கிய நீரில் மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டரிலும், 25 பிஎஸ்ஐ உள்ளது 83 கிலோமீட்டரிலும் பிடிப்பை இழக்கும். தேய்ந்த டயர் இதற்கும் முன்பே இழக்கக்கூடும். வண்டி குலுங்காமல் வர வேண்டும் என்று டிரெய்லர் டயர்களில் காற்றைக் குறைத்து வைப்பவர்கள், மழைக்காலத்தில் தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு அதை உயர்த்திவிட வேண்டும். பல நாடுகளின் சட்டம், டயர் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டராகக் குறையும் வரை தேய அனுமதிக்கிறது. 3 மில்லிமீட்டருக்குக் கீழே போன டயரை நான் மழைப்பயணத்துக்கு ஏற்க மாட்டேன்.

ஈரச் சாலையில் நிற்கும் தூரம் இருமடங்காகும் என்று கொண்டு முன்னுள்ள வாகனத்துக்கு இடைவெளி விடுங்கள். தனிப் பிரேக் இல்லாத சிறிய டிரெய்லர், காரைப் பின்னாலிருந்து தள்ளும் என்பதால் அதற்கும் மேலே கொஞ்சம் இடைவெளி தேவை. இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்குங்கள். வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக்கை அழுத்தாமல், நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைத்திருக்கும் க்ரூஸ் கன்ட்ரோலை அணைத்து வையுங்கள். சுமையில் ஒரு நுட்பம் இருக்கிறது: மழையில் முகாமைக் கலைக்கும்போது, நனைந்த பந்தலையும் கயிறுகளையும் கைக்கு எட்டும் பின்புற அலமாரியில் திணிப்பது இயல்பு. நனைந்த துணி பல மடங்கு எடை கூடியிருக்கும். அது சக்கர அச்சுக்குப் பின்னே சேரச் சேர, காரோடு இணைக்கும் கொக்கியின்மேல் இறங்கும் எடை குறைந்து, வேகத்தில் வண்டி வாலாட்டத் தொடங்கும். ஈரப் பொருள்களை நீர்புகாத பையில் கட்டி, அச்சுக்கு முன்னே, இயன்றால் முன்பெட்டியில் வையுங்கள்.

மின்விளக்குக் கோளாறுகளும் மழையில்தான் தலைகாட்டும். பிரேக்கை மிதிக்கும்போது டிரெய்லரின் இண்டிகேட்டர் விளக்கு மங்கலாக எரிந்தால் எர்த் இணைப்பு துருவேறியிருக்கிறது என்று பொருள்; அந்தத் திருகாணியைக் கழற்றி உலோகம் தெரியத் தேய்த்து மீண்டும் முறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். காரிலிருந்து கழற்றிய டிரெய்லர் மின்பிளக்கை வாய் கீழ்நோக்கி இருக்கும்படி தொங்கவிடுங்கள்.

வெள்ளத்தைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓடும் நீர் 30 சென்டிமீட்டர் உயரம் இருந்தாலே சிறிய கார்களை இழுத்துச் சென்றுவிடும். டிரெய்லரின் நிலை அதைவிட மோசம், ஏனெனில் அது அடைத்து மூடிய, எடை குறைந்த பெட்டி. 2.4 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் உள்ள தரையின்மேல் ஒவ்வொரு சென்டிமீட்டர் நீர் ஏறும்போதும் 36 கிலோ மிதப்பு விசை உண்டாகிறது. சுமையோடு 550 கிலோ எடையுள்ள வண்டி, தரைப்பலகைக்கு மேல் 15 சென்டிமீட்டர் நீர் ஏறியதும் மிதந்துவிடும். தரை நிலத்திலிருந்து 40 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றால், அது முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கும் நீர்தான். மிதந்த டிரெய்லர் நீரோட்டத்தோடு திரும்பிக் காரையும் சேர்த்து இழுக்கும். அந்நிலையில் பின்னோக்கி எடுக்கவும் முடியாது. சாலையின்மேல் நீர் ஓடுவதைக் கண்டால் அங்கேயே நின்று, திரும்ப இடமிருக்கும்போதே திரும்பிவிடுங்கள். ஆழம் குறைந்த, ஓட்டமில்லாத நீரைக் கடக்க நேர்ந்தால், ஓடிச் சூடேறிய சக்கர பேரிங் திடீரெனக் குளிர்ந்து உள்ளே வெற்றிடம் உண்டாகி, சீல் வழியாக நீரை உறிஞ்சிக்கொள்ளும் என்பதை மறவாதீர்கள். சில நிமிடம் நிறுத்திச் சக்கரத்தின் மையத்தைத் தொட்டுப் பார்த்துச் சூடு தணிந்த பின் கடப்பது நல்லது. ஊர் திரும்பியதும் பேரிங்கின் மூடியைத் திறந்து பாருங்கள். கிரீஸ் பால் போல வெளுத்திருந்தால் பேரிங்கைக் கழற்றிச் சுத்தம் செய்து புதிய கிரீஸ் நிரப்ப வேண்டும்.

இடியோடு கூடிய மழையில் வண்டியைவிடக் காரே பாதுகாப்பு. மரச்சட்டத்தில் பைபர்கிளாஸ் போர்த்திய டிரெய்லர் மின்னலுக்கு எந்தத் தடையும் ஆகாது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குக் குறைவாக இருந்தால் காருக்குள் சென்று, கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழித்தே வெளியே வாருங்கள். மேகமூட்டத்தில் சூரியத் தகடு தரும் மின்சாரம் கால்பங்குக்கும் கீழே இறங்கிவிடும் என்பதால், கார் ஓடும்போது அதிலிருந்து பேட்டரிக்கு மின்னேற்றும் இணைப்பையும் புறப்படுவதற்கு முன்பே பொருத்திக்கொள்ளுங்கள்.

பயணம் முடிந்து வீடு சேர்ந்ததும் களைப்பில் வண்டியை அப்படியே பூட்டிவிடத் தோன்றும். ஈரத்தோடு அடைத்து வைத்தால் இரண்டு நாளில் பூசண வாடை பிடித்துவிடும். அது மெத்தையிலும் திரைச்சீலையிலும் ஏறினால் எளிதில் போகாது. அன்றே மெத்தையையும் பந்தலையும் வெளியே எடுத்துவிடுங்கள். அலமாரிகளின் கதவுகளைத் திறந்து வைத்து, நிழலில் காற்றோட்டமாக இரண்டு நாள் விடுங்கள். வெயில் இல்லாவிட்டால் ஒரு மேசைவிசிறியை உள்ளே ஓடவிட்டாலும் போதும். மூலைகளில் ஈரமானி பழைய அளவைக் காட்டிய பிறகு பூட்டலாம். வெளியே போர்த்துவதானால் காற்று புகும் துணியுறையைப் பயன்படுத்துங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாயை இறுக்கிக் கட்டினால் அதனடியிலும் வண்டி வேர்க்கும்.